சில்லும் மட்காட்டும்

2013ஆம் ஆண்டு ஸையன் எஃப்ஆர்-எஸ் ஒன்றை நாங்கள் சகோதரர் இருவரும் பாதிக்குப் பாதி காசு போட்டு வாங்கினோம். இரண்டு கதவு, பின்னால் பெயருக்கு இரண்டு இருக்கை. ரொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் எல்லாம் ஏறக்குறைய இதே வண்டிதான். ஞாயிறு காலையில் அம்மம்மாவை ஆராதனைக்குக் கூட்டிப்போவது எங்கள் பொறுப்பு. அவர் முன் இருக்கையில். எங்களில் ஒருவர் பின்னால், முழங்கால் நாடியில் முட்ட.

வண்டியோடு வந்த சில்லு 17 அங்குல விட்டம், 7 அங்குல அகலம், ஓஃப்செற் 48 மில்லிமீற்றர். மட்காட்டுக்குள் ஒடுங்கி நிற்கும். கோடை இரவில் யூனியன்வில் மெயின் ஸ்ட்ரீட்டில் நிற்கும் கார்களைப் பார்த்தவர்களுக்கு எங்கள் ஆசை விளங்கும். மே மாதம் ஒருவரிடம் பழைய ரிம் செற் ஒன்றை ரயரோடு வாங்கினோம். 18 அங்குலம், அகலம் 9.5, ஓஃப்செற் 22. ஐந்து நட், 100 மில்லிமீற்றர் வட்டம் பொருந்தியது. அதோடு கணக்கு முடிந்தது என்று நினைத்தோம். விலை 1,100 டொலர், கல்லூரிக் கட்டணத்துக்குச் சேர்த்த காசு. வீட்டில் 400 என்று சொன்னோம்.

இரண்டாம் ஞாயிறு, கென்னடி வீதியிலிருந்து 7ஆம் நெடுஞ்சாலைக்குத் திரும்பும்போது பள்ளம் ஒன்றில் விழுந்தோம். பின்பக்கம் கிறீச்சென்றது. “தம்பி, ரப்பர் எரியிற மணம் வருது” என்றார் அம்மம்மா. ஒன்றுமில்லை என்றோம். ஆலயத்து வாகனத் தரிப்பிடத்தில் குனிந்து பார்த்தபோது இடது பின் ரயரின் தோள் சீவப்பட்டு, உள்ளே நூல் தெரிந்தது. அந்த ரயரோடுதான் அவரைக் கொண்டுவந்திருக்கிறோம். அன்றைய பிரசங்கத்தில் ஒரு வரியும் எங்களுக்கு ஞாபகமில்லை.

ஆராதனை முடிந்து அப்பா வந்து பார்த்தார். “உண்மையில எவ்வளவு குடுத்தனீங்கள்?” சொன்னோம். லூக்கா 14இல் கோபுரம் கட்டப்போகிறவனைப் பற்றிய பகுதி அவருக்கு மிகவும் பிடித்தது. அன்று அதைச் சொல்லவில்லை. சொல்லித் திட்டியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது. அம்மம்மாவைத் தன் வானில் ஏற்றிக்கொண்டு போனார்.

இரவு மேசையில் ஆராதனை முறைமைத் தாளைத் திருப்பி வைத்து, எங்களையே கணக்குப் போடச் சொன்னார். ஓஃப்செற் என்பது சில்லின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பதியும் முகத்துக்கும் உள்ள தூரம். எண் குறையக் குறைய சில்லு வெளியே தள்ளும். எங்கள் ரிம் 2.5 அங்குலம், அதாவது 63.5 மில்லிமீற்றர் அகலம் கூட. அதில் பாதி, 31.75, வெளிப்பக்கம். ஓஃப்செற் 48இலிருந்து 22க்கு இறங்கியதால் இன்னும் 26. மொத்தம் 57.75, கிட்டத்தட்ட ஆறு சென்ரிமீற்றர் வெளியே! உள்ளே போனதோ ஆறு மில்லிமீற்றர்கூட இல்லை. பின்னால் ஆள் ஏறி ஸ்பிறிங் அமுங்கினால் மட்காட்டின் விளிம்பு ரயரை அறுக்காமல் என்ன செய்யும்? ஐந்து நிமிடக் கணக்கு. வாங்குமுன் போட்டிருக்கலாம்.

அந்தச் செற்றை, எந்த வண்டிக்கு ஏன் பொருந்தவில்லை என்று சொல்லி, 650 டொலருக்கு விற்றோம். மறைத்திருந்தால் இன்னும் கிடைத்திருக்கும். கோடை முழுக்க வேலை செய்து 17 அங்குலம், 8 அகலம், ஓஃப்செற் 40 உள்ளதை வாங்கினோம். வெளியே 20.7, உள்ளே 4.7 மட்டும். ரயர் 225/45. புதிய சில்லின் நடுத்துளை 73.1, எங்கள் ஹப் 56.1, இடையில் வளையம் போடாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். நட்டுகளை 120 நியூட்டன் மீற்றருக்கு முறுக்கி, 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி பார்த்தோம். காப்புறுதிக்காரருக்கும் அறிவித்தோம்.

முதல் ஞாயிறு அப்பாவே பின் இருக்கையில் ஏறினார். அவருடைய கால் நீளம். அதே பள்ளத்தில் எங்களை வேண்டுமென்றே இறக்கச் சொன்னார். சத்தமில்லை. அம்மம்மா முன் இருக்கையில் மூச்சை இழுத்து மணந்து பார்த்துவிட்டு, பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.