உடைக்காத பெட்டி

கனடாவின் நடுவே, கோதுமை விளையும் சஸ்காச்சுவன் மாகாணத்தில் ரெஜைனா என்றொரு நகரம். அங்கே ஒரு வீட்டில், தகப்பன் சேர்த்துவைத்திருந்த பழைய சாமான்களுக்குள் மட்டைப்பெட்டி ஒன்று அகப்பட்டது. தொழிற்சாலையில் மூடியது மூடியபடியே இருந்தது. உள்ளே 16 சிறு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 48 பொட்டலங்கள், பொட்டலத்துக்கு 14 ஹொக்கி அட்டைகள். பெருக்கிப் பார்த்தால் 10,752. 2024 பெப்ரவரியில் டலஸ் நகரத்து ஹெரிடேஜ் ஏலக்காரர்கள் அதைக் கேள்விக்கு விட்டார்கள். ஏலக் கட்டணமும் சேர்த்து 37 இலட்சத்து 20 ஆயிரம் அமெரிக்க டொலரில் போய் நின்றது.

ரொறன்ரோத் தமிழர் எந்தத் தொகையையும் வீடாக மாற்றித்தான் விளங்கிக்கொள்வார்கள். ஸ்காபரோவில் நான்கு வீடு. மிச்சக் காசில் நான்குக்கும் கூரை மாற்றலாம்.

பெட்டிக்கு அந்த விலை வந்ததற்குக் காரணம் 18 வயதுப் பையன் ஒருவன். 1979 இலையுதிர்காலத்தில் எட்மன்ரன் ஒயிலர்ஸ் அணிக்காக முதல்தடவை தேசிய லீக்கில் இறங்கிய வெய்ன் கிரெட்ஸ்கி. ரொறன்ரோவிலிருந்து காரில் ஒன்றரை மணிக்குள் போய்விடக்கூடிய பிராண்ட்ஃபோர்ட் அவருடைய ஊர். நம்மவர்க்குச் சொல்வதென்றால், கிரிக்கெட்டில் பிராட்மனுக்கு எந்த நாற்காலியோ, பனித்தளத்தில் அது கிரெட்ஸ்கிக்கு. அந்தப் பருவத்துத் தொகுதியில் மொத்தம் 396 அட்டைகள். நீலக் கரையிட்ட 18ஆம் எண் அட்டை அவருடையது. சராசரிக் கணக்குப் போட்டால் ரெஜைனாப் பெட்டிக்குள் 27 கிரெட்ஸ்கிகள் இருக்க வேண்டும். இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏலத்துக்கு வந்தபோது ஒருவரும் உள்ளே பார்த்திருக்கவில்லை.

அட்டையை அடித்தது ஒன்ராறியோவின் லண்டன் நகரத்து ஓ-பீ-சீ கம்பனி. 1911இல் சகோதரர் இருவர் தொடங்கிய சூயிங்கம் வியாபாரம் அது. பெயர் ஒஜிப்வே முதற்குடியினரின் மொழியில் ரொபின் குருவியைக் குறிக்கும். அட்டை அவர்களுக்குச் சரக்கே அல்ல, கம்முக்குக் கொடுத்த இலவசம். இலவசத்துக்கு எவ்வளவு கவனம் கொடுப்பார்களோ அவ்வளவுதான் கொடுத்தார்கள். தாள்களைக் கம்பியால் அறுத்தார்கள். ஓரமெல்லாம் நார்நாராகப் பிசிறியது. படம் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. பொட்டலத்தில் கூடவே கிடந்த கம் கடைசி அட்டையில் எண்ணெய்க் கறை வைத்தது. மிச்சத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள். சைக்கிள் சில்லுக் கம்பியில் உடுப்புக் கொழுவும் கிளிப்பால் செருகி, மோட்டார்சைக்கிள் சத்தம் வரவைத்தார்கள். ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். பள்ளிக்கூடச் சுவரில் எறிந்து பந்தயம் விளையாடினார்கள். ஊரில் ஒழுங்கையோரம் சிகரட் பெட்டி மட்டையைக் காசாக வைத்து விளையாடியவர்களுக்கு இந்த அழிவின் ருசி தெரியும்.

ஆகவே, நல்லபடி தப்பிய கிரெட்ஸ்கி அபூர்வம். அட்டையைத் தரம்பார்த்து, 1 முதல் 10 வரை புள்ளியிட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் பேழைக்குள் மூடிக்கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றுள் பெரிய பெயர், கலிபோர்னியாவில் 1991இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. நான்கு மூலை, நான்கு ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். ஆயிரக்கணக்கில் அவர்களிடம் போன ஓ-பீ-சீ கிரெட்ஸ்கிகளில் பத்துக்குப் பத்து வாங்கியவை இரண்டே இரண்டு. அதில் ஒன்று 2016இல் 4 இலட்சத்து 65 ஆயிரம் டொலருக்குப் போனது. 2020 டிசம்பரில் 12 இலட்சத்து 90 ஆயிரம். மில்லியன் டொலரைத் தாண்டிய முதல் ஹொக்கி அட்டை அதுவே. ஐந்து மாதத்தில், 2021 மே மாதத் தனிவிற்பனையில், 37 இலட்சத்து 50 ஆயிரம்.

கூர்ந்து பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். நாற்பது வருடமாகக் கண்ணாடிபோலக் காப்பாற்றப்பட்ட ஒற்றை அட்டைக்கும், என்ன நிலையில் இருக்கிறதென்றே தெரியாத பத்தாயிரத்துச் சொச்சம் அட்டைகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே விலை. பெட்டியை உடைத்தால், பிசிறிய ஓரமும் ஒதுங்கிய படமும் கம் கறையும் வெளியே வந்துவிடும். உடைக்காதவரை உள்ளே மூன்றாவது பத்து, நான்காவது பத்து என்று எத்தனை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

இனி ஸ்காபரோ பேஸ்மென்டுகளுக்கு இறங்குவோம். நமது சனம் கனடாவுக்குப் பெருவாரியாக வந்தது 1983க்குப் பின்னர். அந்தப் பிள்ளைகள் மேப்பிள் லீவ்ஸ் தொப்பி போட்டு, ஆங்கிலத்தோடு ஹொக்கியையும் பழகிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அட்டை வியாபாரத்துக்குப் பேய் பிடித்தது. 1990-91 பருவத்தில் ஓ-பீ-சீ, டொப்ஸ் போதாதென்று அப்பர் டெக், ஸ்கோர், ப்ரோ செட் என்று புதியவர்களும் ஹொக்கிக்குள் குதித்தார்கள். பழைய அட்டைகள் ஆயிரக்கணக்கான டொலருக்கு விற்ற செய்தி பத்திரிகையில் வந்துவிட்டது. சைக்கிள் சில்லில் செருக இனி எந்தப் பிள்ளைக்கும் அனுமதியில்லை. ஒன்பது பொக்கற் பிளாஸ்டிக் தாள் வாங்கி, கோப்பில் பூட்டி, பல்கலைக்கழகச் செலவுக்கு உதவும் என்று பெட்டிபெட்டியாக அடுக்கினார்கள்.

அடுக்கியது எல்லாரும். அதுதான் பிழைத்துப்போனது. ப்ரோ செட்டின் முதல் வரிசையில் பிழைகள் மலிந்திருந்தன. பிழை அச்சான தபால்தலைக்கு விலை ஏறுவதுபோல இதற்கும் ஏறும் என்று சேர்த்தவர்கள் உண்டு. ஆனால் பிழையையும் கம்பனி அளவில்லாமல் அடித்துத் தள்ளியிருந்தது. முப்பத்தைந்து வருடம் கழித்தும் அந்தப் பெட்டிகள் உடைக்காமலே கிடக்கின்றன. ஏலத்துக்கு வந்த ரெஜைனாப் பெட்டியும் உடைக்காததுதான், இவையும் உடைக்காதவைதான். 1979இல் வைத்தவர் அபூர்வம், 1990இல் வைக்காதவர் அபூர்வம். வித்தியாசம் இவ்வளவே.

எரிக் லிண்ட்ரோஸை எடுத்துக்கொள்ளலாம். கிரெட்ஸ்கிக்கு அடுத்தவர் இவரே என்று பதினேழு வயதிலேயே எழுதினார்கள். லீக்கில் ஒரு ஆட்டம் ஆடுமுன்பே ஸ்கோர் கம்பனி அவரோடு ஒப்பந்தம் போட்டு, 1990-91 தொகுதியில் அட்டை வெளியிட்டது. ஆசை அடங்காமல் பேஸ்போல் தொகுதியிலும் ஒன்று போட்டது. லிண்ட்ரோஸ் ஏமாற்றவில்லை. தலையில் பட்ட அடிகளோடு போராடியும் நன்றாகவே ஆடினார், 2016இல் ஹொக்கிப் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். அவருடைய அந்த அட்டைக்கு இன்று ஒரு கோப்பிக் காசு கிடைத்தால் பெரிது.

ஏமாற்றியவரும் உண்டு. 1993இல் லீக்கின் புதுமுகத் தெரிவில் ஒட்டாவா செனட்டர்ஸ் முதலாவதாக எடுத்த அலெக்சாந்திர் டேக்குக்கு ஐந்து வருடத்துக்கு 1 கோடியே 22 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் ஒப்பந்தம். புதியவர்களுக்கு இவ்வளவு கொடுப்பது லீக்கையே கவிழ்த்துவிடும் என்று பயந்து, 1995இல் புதுமுகச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்தார்கள். டேக் பெரிதாகச் சோபிக்கவில்லை. அதே வருடம் இரண்டாவதாகத் தெரிவான கிறிஸ் புரோங்கரே 2015இல் புகழ்மண்டபத்துக்குப் போனார். ‘எந்த அட்டை ஏறும்’ என்று கேட்பவர்கள் உண்மையில் கேட்பது, இந்தப் பதினெட்டு வயதுப் பையனின் முழங்கால் இருபது வருடம் தாங்குமா என்று. டொக்டருக்கே தெரியாத விஷயம்.

கிரெட்ஸ்கியே ஒருமுறை அட்டை வாங்கினார். அந்தக் கதையைச் சொல்லாமல் போனால் இந்த மடல் நிறைவுபெறாது. 1909 முதல் 1911 வரை அமெரிக்கச் சிகரட் பெட்டிகளுக்குள் வந்த பேஸ்போல் அட்டைகளில் ஹோனஸ் வாக்னருடையது மிக அரிதானவற்றுள் ஒன்று. தன் படத்தை அவர் நிறுத்தச் சொல்லிவிட்டார். சிறுவர்கள் அட்டைக்காகப் புகையிலை வாங்கக்கூடாது என்று நினைத்தார் என்பார்கள். காசு தராத கோபம் என்பாரும் உண்டு. 1991இல், தான் ஆடிய லொஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணியின் உரிமையாளர் புரூஸ் மக்னோலோடு சேர்ந்து, கிரெட்ஸ்கி ஒரு வாக்னரை 4 இலட்சத்து 51 ஆயிரம் டொலருக்கு வாங்கினார். பி.எஸ்.ஏ. புள்ளியிட்டு, முதலாவது என்று இலக்கம் கொடுத்தது அந்த அட்டைக்குத்தான். பின்னர் அது வோல்மார்ட் வழியாகக் குலுக்கலில் பரிசாகப் போனது. வென்றவர் புளோரிடாவின் தபால் ஊழியை. பரிசுக்கு வரி கட்ட வழியில்லாமல் விற்றார், கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6 இலட்சத்து 40 ஆயிரத்து 500 டொலர். 2007இல் அதே அட்டை 28 இலட்சம்.

2013இல் சிக்காகோ நீதிமன்றத்தில், ஒரு காலத்தில் அந்த அட்டையை விற்ற ஏலக்காரர் பில் மஸ்ட்ரோ உண்மையை ஒப்புக்கொண்டார்: ஓரங்களை வெட்டிச் சீராக்கியது தானேதான். உலகிலேயே மிகத் துப்புரவான வாக்னர், கைபட்ட வாக்னர். இதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் ஓ-பீ-சீ கிரெட்ஸ்கியின் பிசிறிய ஓரத்தைக் கண்டு சந்தோஷப்படுகிறார்கள். கத்தி வைத்ததுபோல ஓரம் இருந்தால், கத்தி வைத்திருக்கிறார்கள்.

பெருந்தொற்றுக் காலத்தில் இந்தக் காய்ச்சல் திரும்ப வந்தது. வீட்டுக்குள் அடைபட்டவர்கள் அலுமாரிகளைக் கிளறி அட்டைகளை அனுப்பியதில், 2021 மார்ச் இறுதியில் பி.எஸ்.ஏ. மூச்சுத் திணறிப் பெரும்பாலான சேவைகளை நிறுத்திவைத்தது. அந்த மே மாதம், அட்டைக்காக வாகனத் தரிப்பிடத்தில் அடிதடி நடந்ததால் அமெரிக்காவின் டார்கெட் கடைகள் விற்பனையையே இடைநிறுத்தின. அந்த உச்சத்தில் வாங்கியவர்கள் பலர் இன்னும் முதலைப் பார்க்கவில்லை.

கனடாவில் காய்ச்சல் தணிந்தாலும் வருடாவருடம் லேசாகக் கணகணக்கும். 2015 முதல் இலையுதிர்காலம் வந்தால் ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடைகளில் ஹொக்கி அட்டைப் பொட்டலம் விற்கிறார்கள். கடைக்குப் பெயர் தந்தவரும் மேப்பிள் லீவ்ஸ் ஆட்டக்காரர் என்பது நம்மில் பலருக்கு வந்து பத்து வருடம் கழித்தே தெரியவரும். கோடிக்கணக்கில் கோப்பி ஓடும் கடையின் அட்டை என்றைக்கு அரிதாகும் என்று கேட்கக்கூடாது.

மிசிசாகாவில், பியர்சன் விமானநிலையத்துக்குப் பக்கத்து இன்டர்நேஷனல் சென்டரில் நடக்கும் அட்டைச் சந்தைக்குப் போனால் நிலவரம் புரியும். மண்டபம் முழுக்க மேசைகள், கண்ணாடிப் பெட்டிகள். கையில் சிறு டோர்ச் லைட்டோடு மூலைகளைச் சோதிக்கும் பதின்பருவத்துப் பிள்ளைகள் நகைக்கடை ஆசாரிமாரைப்போலக் கண்ணை இடுக்குகிறார்கள். 2015இன் கொனர் மக்டேவிட்டும் 2023இன் கொனர் பெடார்டும் எல்லா மேசையிலும் இருக்கிறார்கள். இப்போது கம்பனிகள் புத்திசாலிகள். ஒரே படத்தைப் பல நிறத்தில் அடித்து, 99இல் ஒன்று, பத்தில் ஒன்று, ஒன்றே ஒன்று என்று எண் குத்திவிடுகிறார்கள். பிள்ளைகள் சைக்கிள் சில்லில் செய்த வேலையை இன்று அச்சகமே செய்துகொடுக்கிறது. அரிதானதுதான், ஆனால் அரிதாக வேண்டும் என்றே செய்தது. இதை எழுதும் மடல்காரருக்கு அதில் நம்பிக்கை குறைவு. அவர் கை போனது சந்தடியில்லாத ஒரு மேசைக்கு: 2024 ஜனவரியில் ஆடத் தொடங்கிய பெண்களின் தொழில்முறை லீக்குக்கு அப்பர் டெக் போடும் அட்டைகள். இன்னும் அதிகம் பேர் பூட்டிவைக்கவில்லை. சில பொட்டலங்கள் வாங்கினார், வெளியே வந்து உடைத்தும் பார்த்தார்.

அவர் வாங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையில் ஒரு தமிழ்த் தகப்பனும் மகனும். பையன் கையில் புத்தம்புதுப் பெட்டி.

“அப்பா, உடைக்கட்டோ?”

“உடைக்காதை. வச்சிருந்தால் விலை ஏறும்.”

“உள்ளுக்கு என்ன இருக்கெண்டு எப்பிடித் தெரியும்?”

தகப்பன் பதில் சொல்லவில்லை. பையன் பெட்டியைக் காதோடு வைத்துக் குலுக்கிப் பார்த்தான்.

மடல்காரரின் தெருவில் கடந்த கோடையில் ஒரு கராஜ் சேல். பிள்ளைகள் வளர்ந்து வேறு நகரங்களுக்குப் போய்விட்ட வீடு. வாசலில் மேசை போட்டு, 1990-91 ப்ரோ செட் பெட்டிகள் பத்து; ஒன்றும் உடைக்காதவை. காலையில் பெட்டிக்கு 10 டொலர் என்று எழுதியிருந்தது. மத்தியானம் பத்தையும் சேர்த்து 10 டொலர். பின்னேரம் ‘இலவசம்’. நாய் கூட்டிக்கொண்டு போன ஒருவர் நின்று பார்த்தார், தன்னிடமும் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். குப்பை நாள் வந்தபோது பத்துப் பெட்டியும் மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில் கிடந்தன. காலை ஏழு மணிக்கு லொறி வந்து கவிழ்த்துக்கொண்டு போனது. உலகத்தில் உள்ள ப்ரோ செட் அட்டைகளில் அன்று சில ஆயிரம் குறைந்தது.