பாதுகாப்பு என்னும் ஒரு சொல்

பாதுகாப்பு என்னும் ஒரே சொல்லைத் தமிழ் இரண்டு வேலைகளுக்கு வைத்திருக்கிறது. திருடனிடமிருந்து வீட்டைக் காப்பதும் பாதுகாப்பு. குக்கர் வெடித்துவிடாமல் இருக்க அதன் மூடியில் பொருத்திய வால்வும் பாதுகாப்பு. ஆங்கிலம் முன்னதைச் செக்யூரிட்டி என்றும் பின்னதைச் சேஃப்டி என்றும் பிரித்து வழங்குகிறது. இந்தியின் ‘சுரக்ஷா’ தமிழைப் போலவே இரண்டையும் சுமக்கிறது. பெரும்பாலான இடங்களில் இந்த இருபொருளால் தீங்கொன்றும் இல்லை. வீட்டுக்குள் ஒரு கைத்துப்பாக்கி வரப்போகிறது என்றால் மட்டும் இரண்டு பொருளும் ஒன்றையொன்று முறைத்துப் பார்க்கின்றன. நான் குடியிருக்கும் வீட்டில் இரண்டு மாதங்களாக அதைக் கண்டுவருகிறேன். இந்த நீண்ட பதிவு அதைப் பற்றியது.

புந்தேலிக் கிளைமொழிகள் குறித்த ஆய்வுக்காகக் குவாலியரில் ஒரு மாடியறையில் வாடகைக்கு இருக்கிறேன். சம்பல் பள்ளத்தாக்கை ஒட்டிய இந்தப் பகுதியில் தோளில் தொங்கும் துப்பாக்கி ஓர் ஆயுதம் மட்டுமன்று. குடும்பத்தின் மதிப்பும் அதுவே. 2008இல் பக்கத்துச் சிவபுரி மாவட்ட நிர்வாகம், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொள்ளும் ஆண்களுக்குத் துப்பாக்கி உரிமத்தில் முன்னுரிமை தருவதாக அறிவித்தது என்றால், இங்கே அந்த உரிமத்துக்கு இருக்கும் மவுசை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

வீட்டுக்காரரை நான் பாபுஜி என்றழைப்பேன். ஓய்வுபெற்றவர், வயது அறுபத்தெட்டு. பக்கத்துத் தெருவில் நடந்த ஒரு கொள்ளைக்குப் பின் உரிமத்துக்கு விண்ணப்பித்தார். காவல்துறை விசாரணை, மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று, ஆயுதத்தைப் பத்திரமாக வைப்பேன் என்னும் உறுதிமொழி ஆகிய எல்லாம் முடிந்து உரிமமும் வந்துவிட்டது. எதை வாங்குவது என்பதே மீதமிருந்த கேள்வி. விவரச் சீட்டுகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால், “பிட்டியா, நீ படித்துச் சொல்” என்று என்னிடம் கொடுத்தார். மொழியியல் படித்தவளுக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. படித்துச் சொல்வதுதானே என் தொழில்.

இந்தியாவில் இந்தத் தேர்வு அத்தனை அகலமானதன்று. 9 மி.மீ., .38 போன்றவை தடைசெய்யப்பட்ட அளவுகள். சாதாரணக் குடிமக்களுக்குக் கிடையா. வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளின் இறக்குமதி 1980களின் நடுவிலேயே அடைபட்டுவிட்டதால், பழைய அயல்நாட்டு ரிவால்வர்கள் கைமாறும்போது மலைக்கவைக்கும் விலை பெறுகின்றன. எஞ்சுபவை பெரும்பாலும் உள்நாட்டில் செய்யப்படும் .32, .22 அளவு ரிவால்வர்களும் .32 பிஸ்டலும். அரசுத் தொழிற்சாலைப் பிஸ்டலின் பெயர் ‘அசனி’. நம் பழந்தமிழிலும் அசனி என்றால் இடிதான். பெயர் வைத்தவர் இலக்கியம் கற்றவராக இருக்க வேண்டும்.

பாபுஜியுடன் கடைக்குச் சென்றபோது ஒரு சொல் என்னை நிறுத்தியது. இந்தியில் ‘கோடா’ என்றால் குதிரை. விரலால் இழுக்கும் விசைக்கும் அதே பெயர். பின்னால் சுத்தியல்போல் எழும்பி அடிக்கும் உறுப்புக்கும் அதே பெயர். ‘கோடா’வை அழுத்தினால் குண்டு பாயும், ‘கோடா’வை ஏற்றினால் துப்பாக்கி அடிக்கத் தயாராகும். வினைச்சொல்தான் இரண்டையும் பிரிக்கிறது. தமிழிலும் துப்பாக்கியின் குதிரை என்னும் வழக்கு உண்டு. ரிவால்வரைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு குதிரைகளைப் புரிந்துகொண்டால் போதும். சுத்தியலைக் கையால் ஏற்றாமல் நேரே விசையை இழுத்தால், இழுப்பு நீளமாகவும் கனமாகவும் இருக்கும். ஏற்றிவிட்டு இழுத்தால் மிக இலேசாக இருக்கும். அந்தக் கனமான நீண்ட இழுப்பே பெரும்பாலான ரிவால்வர்களின் முதல் காவல். தனியாக ஒரு பூட்டுவிசை பல ரிவால்வர்களில் இருப்பதில்லை.

இரண்டாம் காவல் கண்ணுக்குத் தெரியாதது. பழைய ரிவால்வர்களில் சுத்தியலின் முனை தோட்டாவின் மேலேயே படிந்திருக்கும். கீழே விழுந்தால் வெடிக்கும். ஆகவே ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, சுத்தியலுக்கு நேரான அறையை வெறுமையாக விடுவது அக்காலத்தார் வழக்கம். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றின் தளத்தில் தவறி விழுந்த ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வர் வெடித்து ஒரு மாலுமி இறந்தார். அதன் பிறகே அந்த நிறுவனம் உள்ளிருக்கும் தடுப்புத் தகட்டை மாற்றியமைத்தது. விசையை முழுதாக இழுத்தாலொழியச் சுத்தியல் தோட்டாவைத் தொடாதபடி செய்யும் இத்தகைய ஏற்பாடு இருக்கிறதா என்பதே, பழைய ரிவால்வரை வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

பிஸ்டலின் கதை வேறு. அதில் கட்டைவிரலால் தள்ளும் பூட்டுவிசை உண்டு. சிலவற்றில் கைப்பிடியை இறுகப் பற்றினாலன்றி இயங்காத காவலும் உண்டு. காவல்கள் கூடுதல் என்பதால் பிஸ்டலே மேல் என்று எனக்கு முதலில் தோன்றியது. ஆனால் அதற்கே உரிய ஆபத்து ஒன்றுண்டு. தோட்டாக்கள் அடுக்கிய மேகசீனைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று கை நம்பிவிடும். அறைக்குள் ஒரு தோட்டா மிச்சமிருக்கும். மேல்பகுதியைப் பின்னுக்கிழுத்துக் கண்ணாலும் விரலாலும் பார்த்தாலன்றி அது தெரியாது. கான்பூரில் செய்யப்படும் .32 ரிவால்வரையோ நடுவில் மடக்கித் திறந்தால் ஆறு அறைகளும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நடுங்கும் கைகளும் மங்கும் கண்களும் உடைய அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு அது சிறிய ஆறுதலன்று.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் இரண்டு பத்திகளாக எழுதினேன். இடப்பக்கம் காவலின் பெயர். வலப்பக்கம் அது எதைத் தடுக்கிறது என்பது. கீழே விழுவதை ஒன்று தடுக்கிறது. உறையில் சிக்கி விசை இழுபடுவதை மற்றொன்று தடுக்கிறது. பதற்றத்தில் விரல் தடுமாறுவதை வேறொன்று தடுக்கிறது. எழுதி முடித்தபோது வலப்பக்கத்தில் இல்லாதது எது என்பது தெரிந்தது. வேண்டுமென்றே விசையை இழுக்கும் கையை எந்தக் காவலும் தடுக்கவில்லை. அது யாருடைய கை என்று துப்பாக்கிக்குத் தெரியாது.

இந்த வீட்டில் ஏழு வயதுப் பேரன் ஒருவன் இருக்கிறான். மாலையில் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். அலமாரிச் சாவி அனுமார் படத்துக்குப் பின்னால் இருப்பது பாபுஜிக்கும் அம்மாஜிக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம் என்பது வீட்டின் நம்பிக்கை. பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த ஒரு மாலையில், நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவியை எடுத்து, அலமாரியைத் திறந்து, எனக்கென்று ஒரு லட்டுவைக் கொண்டுவந்தான். அத்தனை அன்போடு கொண்டுவந்ததை மறுக்க முடியாமல் தின்றேன். கனமான விசை அவன் ஒரு விரலுக்கு அடங்காமல் போகலாம். இரண்டு கைகளின் கட்டைவிரல்களுக்கும் சேர்ந்து அடங்காது என்று யார் சொல்ல முடியும்?

இரவு உணவின்போது இதைச் சொன்னேன். சுவரில் பதித்த இரும்புப் பெட்டி, அதற்குள் காலியான துப்பாக்கி, தோட்டாக்கள் வேறோர் இடத்தில் வேறொரு பூட்டில், சாவி எப்போதும் உடலோடு என்று நான் படித்தவற்றை வரிசைப்படுத்தினேன். பாபுஜி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அப்படிப் பூட்டினால், திருடன் வரும்போது நான் இரண்டு பூட்டுகளையும் திறக்கும்வரை அவன் காத்திருப்பானா?”

நியாயமான கேள்வி. பேரனுக்கு எட்டாதபடி வைத்தால் நள்ளிரவில் தாத்தாவுக்கும் எட்டாது. தாத்தாவின் தலையணைக்கடியில் வைத்தால் பேரனுக்கும் எட்டும். விரலடையாளத்தாலும் எண்களாலும் நொடிகளில் திறக்கும் பெட்டிகள் இந்த இடைவெளியைக் குறைக்கின்றன, இல்லாமல் ஆக்குவதில்லை. அம்மாஜிதான் பதில் சொன்னார். “திருடன் ஒருநாள் வரலாம், வராமலும் போகலாம். இவன் தினமும் இந்த வீட்டில்தான் இருக்கிறான்.” யாரும் அதற்குமேல் பேசவில்லை.

பாபுஜி என்னையும் விண்ணப்பிக்கச் சொன்னதுண்டு. களப்பணி முடிந்து இருட்டிய பின் பேருந்தில் திரும்புபவள் என்னும் கவலை அவருக்கு. பெண்களுக்கென்றே சொல்லி 2014இல் வெளிவந்த ‘நிர்பீக்’ ரிவால்வரின் படத்தையும் காட்டினார். எடை ஏறத்தாழ அரைக் கிலோ. அன்றைய விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். 2012இல் டெல்லியில் கொடுமைக்கு ஆளான பெண்ணுக்கு நாளிதழ்கள் இட்ட நிர்பயா என்னும் பெயருக்கும் இதற்கும் பொருள் ஒன்றே: அஞ்சாதவர். அச்சம் எனக்கும் உண்டு, அதை மறைப்பானேன்? ஆனால் நெரிசலான பேருந்தில் என் தோள்பையை வேறொரு கை பற்றினால் அந்த அரைக் கிலோ யாருடையது என்று யோசித்தேன். அந்நியர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவர்கள் பாட்டி வழங்கிய சொற்களைக் கேட்டு வாங்குவது என் வேலை. பையில் துப்பாக்கி வைத்திருப்பவளுக்கு யாரும் அப்படிச் சொல் தரமாட்டார்கள். எனக்கு வேண்டாம் என்று பாபுஜியிடம் சொல்லிவிட்டேன். தனியாக, தொலைவில், வயல்வீட்டில் வாழும் ஒரு பெண்ணின் கணக்கு வேறாக இருக்கலாம். அவருக்காக நான் முடிவுசொல்ல மாட்டேன்.

இன்னொரு கையையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்பவர்கள். வாங்கியவரின் கையே, அவருடைய மிக மோசமான ஓர் இரவில், அந்நியரின் கையாகிவிடுகிறது. அன்று சாவி வேறொருவரிடம் இருந்தால், அவர் எழுந்து வரும் சில நிமிடங்களே ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

பாபுஜி இன்னும் துப்பாக்கி வாங்கவில்லை. வாங்குவதாக இருந்தால் ரிவால்வர்தான் என்று முடிவாகியிருக்கிறது. அதற்கு முன்பாக இரும்புப் பெட்டி வர வேண்டும் என்பது அம்மாஜியின் நிபந்தனை. கொத்தனார் வந்து சுவரை அளந்துவிட்டுப் போயிருக்கிறார். வாசல் கதவுக்குப் புதிய தாழ்ப்பாளும் முன்பக்கத்துக்கு ஒரு விளக்கும் இதற்குள் வந்துவிட்டன. இரண்டுக்கும் உரிமம் தேவைப்படவில்லை.

உங்கள் குடும்பத்தில் யாரேனும் இப்படியோர் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் துப்பாக்கி நல்லது என்று கேட்டால், அளவையும் விலையையும் பேசுவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு பத்திகள் போடச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களின் பெயர்களையும், அடிக்கடி வந்துபோகிறவர்களின் பெயர்களையும் இடப்பக்கம் எழுதட்டும். ஒவ்வொருவருக்கும் எதிரே, அந்தக் கையை எது தடுக்கும் என்று எழுதட்டும். தம் சொந்தப் பெயரையும் விட்டுவிட வேண்டாம்.