பழைய கார் வாங்கும்போது: மீட்டர் சொல்வதும் பில் சொல்வதும்



வாப்பாவுக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்று மருத்துவர் கூறிய நாளிலிருந்து, கார் என்பது எங்கள் வீட்டின் அத்தியாவசியத் தேவையாகிவிட்டது. கடையநல்லூரிலிருந்து திருநெல்வேலி சென்று திரும்ப ஏறத்தாழ 140 கிலோமீட்டர். வாரத்திற்கு 280; ஆண்டுக்கு 14,500க்கும் மேல். எங்களிடம் இருந்த சிறிய காரில் வாப்பாவால் முழங்காலை மடக்கி அமர இயலவில்லை. சிகிச்சை முடிந்து சோர்ந்திருக்கும் வேளையில் அவர்கள் சாய்ந்து படுத்து வருவதற்கும் அதில் இடமில்லை.

கையில் ஐந்தரை லட்சம் ரூபாய் இருந்தது. மீதத்தைக் கடனாகப் பெற்றுப் புதிய வண்டியே வாங்கலாம் என்று பலரும் யோசனை கூறினர். வட்டிக் கடன் வேண்டாம் என்பது எங்கள் இல்லத்தில் நெடுநாளாக நிலவும் முடிவு. ஆகவே அத்தொகைக்குள் கிடைக்கக்கூடியது, பத்து வயதைக் கடந்த, அதிக தூரம் ஓடிய இன்னோவா ஒன்றுதான் என்பது விரைவிலேயே புரிந்தது. வட்டியைத் தவிர்க்க விரும்பும் நடுத்தரக் குடும்பங்கள் பலவும் இதே இடத்தில் வந்து நிற்கின்றன. வண்டி பழையதாக இருக்கலாம். ஆனால் டயாலிசிஸ் நாளன்று நடுவழியில் நின்றுவிடக் கூடாது. அந்த ஒரு கவலையோடு நாங்கள் தேடியபோது கண்டறிந்தவற்றைப் பகிர்ந்துகொள்கிறோம்.

இரண்டு வண்டிகள்

எங்கள் ஊரில் பல ஆண்டுகளாக வண்டி பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவரை, நாங்கள் அண்ணாச்சி என்று அழைப்பவரை, உடன் அழைத்துச் சென்றோம். முதலில் பார்த்தது ஒரு புரோக்கரிடம் நின்ற 2013ஆம் ஆண்டு வண்டி. மீட்டரில் 78,000 கிலோமீட்டர். பாலிஷ் போட்டு, டயர்களுக்குக் கறுப்புப் பூசி, புது மணப்பெண் போல நிறுத்தியிருந்தார்கள். எங்கள் மனம் உடனே அதன்பால் சாய்ந்தது.

அண்ணாச்சி மீட்டரைப் பார்க்கவேயில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து அதன் ஓரத்தை உற்று நோக்கினார். அங்கே ஆயில் மாற்றும்போது ஒட்டும் சிறு ஸ்டிக்கர் ஒன்று மங்கிய மையோடு இருந்தது. அடுத்த சர்வீஸ் 1,50,000 கிலோமீட்டரில் என்று அதில் எழுதியிருந்தது. ஸ்டியரிங் வழவழவென்று தேய்ந்திருக்க, கிளட்ச் மிதிகட்டையின் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. சர்வீஸ் புத்தகத்தைக் கேட்டோம், தொலைந்துவிட்டது என்றார்கள். "மீட்டர விடுங்க பாய், பில்லு இருந்தாக் கொண்டாரச் சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி. பில்லும் இல்லை. நாங்கள் திரும்பிவிட்டோம்.

இரண்டாவது வண்டி தென்காசியில், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருடையது. 2012ஆம் ஆண்டு வண்டி; மீட்டரில் 2,14,000 கிலோமீட்டர். அந்த எண்ணைக் கேட்டதும் உம்மா, "இது ஓடி முடிச்ச வண்டியில்லையா?" என்று தயங்கினார்கள். ஆனால் அந்த ஐயா வண்டியின் சாவியை எடுத்துத் தரும் முன்பே ஒரு கோப்பைக் கொண்டுவந்து வைத்தார். "தம்பி, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சுப் பாத்துட்டுக் கொண்டாங்க" என்றார். அதில் 26 பில்கள் இருந்தன.

கோப்பைப் படிக்கும் முறை

அன்றிரவு இஷாவுக்குப் பின் அமர்ந்து, ஒவ்வொரு பில்லின் தேதியையும் அதில் குறித்துள்ள கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதினோம். எண்கள் எங்கும் பின்வாங்காமல் ஏறிக்கொண்டே வந்தன. ஆண்டுக்குச் சுமார் 18,000 கிலோமீட்டர். ஏறத்தாழ ஒவ்வொரு 10,000 கிலோமீட்டருக்கும் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றப்பட்டிருந்தன. டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில், கூலன்ட் ஆகியவையும் இடையிடையே இருந்தன. கிளட்ச் ஒருமுறை, 1,62,000இல். எல்லாவற்றுக்கும் மேலாக, டைமிங் பெல்ட் இருமுறை மாற்றப்பட்டிருந்தது. 98,000இல் ஒருமுறை, 1,94,000இல் மறுமுறை.

இந்தக் கடைசிக் குறிப்பு ஏன் முக்கியம் என்பதை அண்ணாச்சி விளக்கினார். பழைய இன்னோவாவின் 2,494 சி.சி. டீசல் என்ஜினில் பிஸ்டனும் வால்வும் ஒன்றுக்கொன்று இசைந்து இயங்குவது ஒரு ரப்பர் பெல்ட்டால். அதற்கு ஓர் ஆயுள் உண்டு. தேய்ந்த பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி என்ஜினே பழுதாகும். 2016இல் வந்த இன்னோவா கிரிஸ்டாவில் பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ளது. மாருதியின் ஸ்விஃப்ட், டிசையர் வண்டிகளில் இருந்த 1,248 சி.சி. டீசல் என்ஜினும் செயினால் இயங்குவதே. செயின் நீண்ட காலம் உழைக்கும். ஆனால் அதுவும் தூய ஆயிலை நம்பியே இருக்கிறது. எனவே வாங்கவிருக்கும் வண்டியில் இருப்பது பெல்ட்டா செயினா என்பதை முதலில் அறிய வேண்டும். பெல்ட் என்றால், கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் வேண்டும். பில் இல்லையெனில், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அதற்கான செலவை விலையில் கழிக்க வேண்டும்.

ஆயில் விஷயமும் அவ்வாறே. டீசல் என்ஜினில் எரிந்த கரி ஆயிலில் கலந்துகொண்டே இருக்கும். குறித்த காலத்தில் மாற்றாவிட்டால் ஆயில் கெட்டியாகிக் களிம்பு போலப் படியும். டர்போவுக்குச் செல்லும் மெல்லிய குழாயை அடைக்கும். ஆயில் கிடைக்காத டர்போ விரைவில் பழுதாகிவிடும். இத்தகைய கேடு டெஸ்ட் டிரைவ் செல்லும் பத்து நிமிடத்தில் வெளிப்படாது. ஆறு மாதம் கழித்தே தெரியும். அதனால்தான் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டு நெடுஞ்சாலையில் இரண்டு லட்சம் ஓடிய வண்டி, பராமரிப்பின்றித் தெருவுக்குள்ளேயே எண்பதாயிரம் ஓடிய வண்டியைவிட நம்பத்தக்கதாக இருக்கக்கூடும்.

கோப்பில் ஓர் இடைவெளியும் இருந்தது. 1,31,000க்கும் 1,52,000க்கும் நடுவே ஒரு பில்லும் இல்லை. மறுநாள் கேட்டோம். அக்காலத்தில் தம் மகன் கோயம்புத்தூரில் வண்டியை வைத்திருந்து வெளி ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்ததாகக் கூறிய அந்த ஐயா, மேசை இழுப்பறையைத் துழாவிக் கையால் எழுதிய இரண்டு சீட்டுகளைக் கண்டெடுத்துத் தந்தார். இடைவெளி இருப்பது குற்றமன்று. அதைக் கேட்கும்போது விற்பவர் தரும் விடை, மற்ற சான்றுகளோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும்.

கோப்போடு நிறுத்தாமல் வண்டியையும் சோதித்தோம். அதிகாலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து புகையைக் கவனித்தோம். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். ஓடும் என்ஜினில் ஆயில் மூடியைத் திறந்து, புகை பீறிடுகிறதா என்று பார்த்தோம். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்க எண், அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2219 என்றால் 2019ஆம் ஆண்டின் 22ஆம் வாரம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதை நம் பகுதி மறக்காது. அவ்வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் சந்தைக்கு வரக்கூடும் என்பதால், சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துச் சேற்றுக் கறை உள்ளதா என்று நோக்கினோம். டி போர்டாக ஓடிப் பின்னர் ஓன் போர்டாக மாற்றப்பட்டதா, கடன் நிலுவை உள்ளதா, பதிவு எந்த ஆண்டு வரை செல்லும் என்பவற்றை ஆர்.சி.யில் சரிபார்த்தோம்.

அல்ஹம்துலில்லாஹ், நான்கு லட்சத்து எண்பதாயிரத்திற்கு அந்த வண்டியையே வாங்கினோம். மீதியில் ஐம்பதாயிரத்தைப் பழுதுச் செலவுக்கென்றே தனியே ஒதுக்கினோம். அதிக தூரம் ஓடிய வண்டிக்குச் செலவே வராது என்று எண்ணலாகாது. இந்த ஓராண்டில் முன்பக்க ஷாக் அப்சார்பரும் பிரேக் பேடும் மாற்ற நேர்ந்தது. ஆனால் வாப்பாவின் சிகிச்சை ஒருமுறையும் தவறவில்லை.

விற்பவர் நாமாகும்போது

வாங்கும்போது நாம் எவ்வளவு விழிப்போடு இருக்கிறோமோ, விற்கும்போதும் அவ்வளவு நேர்மை நம்மிடம் எதிர்பார்க்கப்படுகிறது. எங்கள் சிறிய காரை விற்க வேண்டிய கட்டம் வந்தபோது இது எங்களுக்கு முன் வந்து நின்றது. 1,30,000 கிலோமீட்டர் ஓடிய அந்தக் காரின் ஏ.சி.யில் கேஸ் கசிந்துகொண்டிருந்தது. முன்னொருமுறை மோதியதில் பானெட்டும் ஒருபக்கத் தகடும் மாற்றப்பட்டிருந்தன. புதிதாக கேஸ் நிரப்பினால் ஒரு மாதம் குளிரும். அதற்குள் விற்றுவிடலாம் என்று மச்சான் கூறினார். உலக வழக்கில் அது ஒரு பெரிய விஷயமே இல்லை.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட அண்ணலார், ஏமாற்றுபவரை மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். வியாபாரி பொய்யேதும் சொல்லவில்லை. ஈரத்தை அடியில் வைத்தார், அவ்வளவே. கேஸ் நிரப்பிய ஏ.சி.யும் அடியில் வைத்த ஈரமும் வேறு வேறு அல்ல என்று எங்களுக்குத் தோன்றியது. மீட்டரைத் திருத்துவதோ அளவையிலேயே கைவைப்பது. அளவையில் குறைப்போருக்கான எச்சரிக்கையோடு ஓர் அத்தியாயமே குர்ஆனில் தொடங்குகிறது.

ஒரு தாளில் குறைகளை எல்லாம் எழுதி, பில்களோடு சேர்த்து, வாங்க வந்த இளைஞரிடம் கொடுத்தோம். அவர் பதினைந்தாயிரம் குறைத்துக் கேட்டார், கொடுத்தோம். அந்தப் பதினைந்தாயிரம் எங்களுக்குத் தேவையில்லாத பணமன்று. ஒரு மாத மருந்துச் செலவுக்கு ஆகியிருக்கும். ஆயினும் விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையை வெளிப்படுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்று நபிமொழி கற்பிப்பதை நாங்கள் நம்புகிறோம்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குர்ஆனின் மிக நீண்ட வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது (2:282). அது கடனைக் குறித்தது எனினும், மனிதரின் நினைவை மட்டும் நம்பாமல் எழுத்தை நம்பும் பழக்கத்தை நமக்குக் கற்றுத் தருகிறது. நம் வீடுகளில் நகைக்கடைச் சீட்டைப் பத்திரமாக வைக்கிறோம். வண்டியின் சர்வீஸ் பில்லை டேஷ்போர்டில் திணித்து, மறுமாதம் எறிந்துவிடுகிறோம். இன்றே ஒரு கோப்பைத் தொடங்குங்கள். தேதி, கிலோமீட்டர், மாற்றிய பொருள் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். வெளி ஒர்க்‌ஷாப்பில் செய்தாலும் ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள். நாளை உங்களிடமிருந்து அந்த வண்டியை வாங்கப்போகிறவரும், வட்டியின்றிச் சேர்த்த பணத்தோடு, வீட்டில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு வரக்கூடும்.

நம் கொடுக்கல் வாங்கல்களில் அல்லாஹ் நேர்மையையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக. நோயுற்ற நம் பெற்றோருக்கு ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.