இரண்டு விநாடி காது கொடுங்கள்

"பெரியப்பா, செல்ஃப் எடுக்குது, ஆனா வண்டி ஸ்டார்ட் ஆகல."

மே மாத மதியம், தம்பி மகன் போனில் பதறினான். இருபது வயதைத் தாண்டிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரை ஆசையாக வாங்கி வைத்திருக்கிறான். பெங்களூரு நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டை பந்தயப் பாதைக்குப் பக்கத்தில் நிழலில்லாத இடத்தில் நிறுத்திவிட்டு டீ குடித்திருக்கிறான். திரும்பி வந்தால் இன்ஜின் சுற்றுகிறது, பற்றிக்கொள்ளவில்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் கூடிவிட்டது. "பிளக்கை மாத்து" என்றார் ஒருவர். "பம்ப் போச்சு, பத்தாயிரம் எடுத்து வை" என்றார் இன்னொருவர். அவனோ விடாமல் செல்ஃப் அடித்து, பேட்டரியையும் பாதி இறக்கியிருந்தான்.

1990-இல் இந்தப் பந்தயப் பாதை வருவதற்கு முன்பு, சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில்தான் பந்தயம் நடக்கும். இளவயதில் அங்கே நான் பார்த்த நல்ல மெக்கானிக்குகள், ஸ்பேனரைத் தொடுமுன் காதைத்தான் கொடுப்பார்கள். அந்தப் பழக்கம், முப்பது வருஷம் தொழிற்சாலை பராமரிப்புப் பிரிவில் இருந்த எனக்கும் ஒட்டிக்கொண்டது.

இன்ஜின் சுற்றுகிறது என்றால் அது முயற்சி செய்கிறது என்று அர்த்தம். அதற்கு வந்து சேர வேண்டிய ஏதோ ஒன்று வரவில்லை. பெட்ரோலா, பிளக்கில் கரண்டா, உள்ளே அழுத்தமா? ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

"ஸ்டார்ட் பண்ணாதே. சாவியை 'ஆன்' வரைக்கும் மட்டும் திருப்பு" என்றேன். அப்போது பின்பக்கம் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனக வேண்டும். சத்தமே இல்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. டேஷ்போர்டுக்கு அடியில், பம்புக்குக் கரண்ட் அனுப்பும் ரிலே தொட முடியாத சூட்டில் இருந்தது. கதவுகளைத் திறந்து போட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். மறுபடி சாவியைத் திருப்பியபோது பம்ப் முனகியது. வண்டி பற்றிக்கொண்டது.

மறுநாள் ரிலேயைப் பிரித்து லென்ஸ் வைத்துப் பார்த்தோம். ஈயப் பற்றில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். வெயிலில் விரியும், ஆறினால் சேரும். சால்டரிங் அயர்னால் ஒரு சொட்டு ஈயம் வைத்தேன். அவ்வளவுதான்.

வண்டி சரியாகிவிட்டது. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒரகடம் பக்கம் நான் வேலை பார்த்த காலத்தில், என் பிரிவில் ஒரு தென்மாவட்டத்துப் பையன் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தான். நேரத்துக்கு வருவான், சொன்னதைச் செய்வான். ஆனாலும் கோடைகாலத்தில் தப்பு மேல் தப்பு வந்தது. திட்டினேன். இடத்தை மாற்றினேன். மெமோவும் கொடுத்தேன். அவன் வேலையை விட்டுப் போன பிறகுதான் அறைத்தோழன் சொன்னான்: "ஆஸ்பெஸ்டாஸ் கூரை ரூம் சார், எட்டுப் பேர் இருக்கோம். நைட் ஷிப்ட் முடிச்சு வந்தா பகல்ல எப்படித் தூங்குறது?"

அவனும் சுற்றிக்கொண்டுதான் இருந்தான். அவனுக்கு வந்து சேராதது தூக்கம். நான் காது கொடுக்காமல் பிளக்கை மாற்றிக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை முட்டி முட்டிப் படித்தும் மதிப்பெண் வராமல் இருக்கலாம். உங்களுக்குக் கீழே ஒருவர் உழைத்தும் சோபிக்காமல் இருக்கலாம். சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, மனதில் என்ன பாரம், வேலையை யாராவது ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தார்களா? வரிசையாக, பொறுமையாகக் கேளுங்கள். பல நேரம் ஒரு சொட்டு ஈயம் போதும்.

தம்பி மகன் இப்போதெல்லாம் சாவியை 'ஆன்' வரை திருப்பி, பம்பின் முனகல் கேட்ட பிறகே ஸ்டார்ட் செய்கிறான். அந்த இரண்டு விநாடியை அந்தப் பையனுக்கு நான் கொடுத்திருக்க வேண்டும்.