முகத்துவாரத்துக்கு உள்ளே ஒரு குடும்பப் படகு

மட்டக்களப்பு வாவியையும் புத்தளம் களப்பையும் கண்ட சகோதரிகளுக்குக் கிப்ஸ்லாந்து ஏரிகளை விளங்கப்படுத்துவது சுலபம். பெயர்தான் ஏரி, உண்மையில் அவை களப்புகளே. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்போர்ன் நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 300 கிலோ மீற்றர் தூரத்தில் அவை இருக்கின்றன. வெலிங்டன், விக்டோரியா, கிங் என்னும் மூன்று பெரிய ஏரிகள் ஒன்றோடொன்று இணைந்து கிடக்க, 'தொண்ணூறு மைல் கடற்கரை' என்று அழைக்கப்படும் நீண்ட மணல் திட்டு அவற்றைப் பெருங்கடலிலிருந்து மறைத்து நிற்கிறது.

ஒரு காலத்தில் இதன் வாயும் நமது மட்டக்களப்பு முகத்துவாரத்தைப் போலவே மணலால் மூடிக் கொள்வதும், வெள்ளம் வந்தால் உடைப்பதுமாக இருந்தது. 1889 ஆம் ஆண்டில்தான் கடலுக்கு நிரந்தரமான வாயொன்று திறக்கப்பட்டது. அந்த இடத்தில் வளர்ந்த ஊருக்கு 'லேக்ஸ் என்ட்ரன்ஸ்' என்றே பெயர்.

மெல்போர்னில் நம் நாட்டுக் குடும்பங்கள் ஏராளமாக வாழ்கின்றன. மகளோ மருமகனோ அங்கிருந்து "பழைய பாய்ப்படகு ஒன்று வாங்கப் போகிறோம், பிள்ளைகளை ஏற்றிக் கொண்டு ஏரிக்குப் போவோம்" என்று சொன்னால் உங்கள் நெஞ்சு பதறும். பதற வேண்டாம், ஆனால் சில கேள்விகளைக் கேளுங்கள். அதற்காகவே இந்தக் கட்டுரை.

காருக்குப் பின்னால் வரும் படகு

அவர்கள் சொல்வது பெரிய கப்பலல்ல. ஐந்து முதல் ஏழரை மீற்றர் வரை நீளமுள்ள சிறு படகு. இரண்டு சில்லு அல்லது நான்கு சில்லு ட்ரெயிலரில் ஏற்றிக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துச் செல்லலாம். படகின் வயிற்றுக்குக் கீழே கத்தி போன்ற ஒரு கனத்த தகடு உண்டு. ஆழத்தில் அதை இறக்கினால் படகு காற்றுக்குச் சரியாமல் நிற்கும். மேலே இழுத்துக் கொண்டால் முழங்கால் அளவு தண்ணீரிலும் கரைக்கு வரலாம். நியூசிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹார்ட்லி என்பவர் வரைந்த 'ரீ.எஸ். 16' என்னும் படகை அந்நாட்டிலும் அவுஸ்திரேலியாவிலும் எத்தனையோ தந்தைமார் பிளைவுட் பலகை கொண்டு வீட்டு முற்றத்திலேயே கட்டினார்கள். பின்னர் பைபர் கிளாஸ் படகுகள் வந்தன. இன்று பலரது கொல்லையில் தார்ப்பாய் மூடிக் கிடப்பவை இவைதாம். பிள்ளைகள் வளர்ந்ததும், புதுப் படகின் விலையில் ஒரு சிறு பங்குக்கு அவற்றை விற்று விடுவார்கள்.

ஏரியில் என்ன உண்டு?

பேன்ஸ்வில் என்னும் ஊரில் படகை இறக்கினால், சுமார் 200 மீற்றர் அகலமுள்ள ஒரு நீரோடைக்கு அப்பால் ரேமண்ட் தீவு தெரியும். சங்கிலியில் ஓடும் பாதை ஒன்று இரு கரைக்கும் போய் வருகிறது. 2009 இல் பாலம் திறக்கப்படும் வரை கிண்ணியாவில் பாதையில் ஏறியவர்களுக்கு அது புதுமையாக இராது. நடந்து ஏறுவோருக்குக் கட்டணமில்லை. 1953 இல் அத்தீவில் கொண்டு வந்து விடப்பட்ட கோலாக்களின் வழிவந்தவை இன்றும் வீதியோர யூகலிப்டஸ் மரக்கிளைகளில் உறங்கிக் கொண்டிருக்கும். பிள்ளைகள் அண்ணாந்து எண்ணிக் கொண்டே நடப்பார்கள்.

அங்கிருந்து மேற்டங் என்னும் சிற்றூர் வரை பாய் விரித்துப் போகலாம். வழியில் மிச்செல் ஆறு தான் கொண்டு வந்த வண்டலாலேயே ஏரிக்குள் பல கிலோ மீற்றர் நீளத்துக்கு இரு கரை கட்டியிருப்பதைக் காணலாம். 2011 இல் 'புருனன்' எனப் பெயரிடப்பட்ட டொல்பின்கள் படகருகே எழும்பவும் கூடும். மாலையில் காற்று மறைந்த குடாவொன்றில் நங்கூரமிட்டு, கரையிறங்கித் தொழுது, அடுப்பை மூட்டித் தேநீர் வைத்தால், ஹோட்டல் அறை கேட்டு அலைய வேண்டியதில்லை.

வாங்கும் முன்

படகைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் படகைப் பார்க்கக் கூடாது; ட்ரெயிலரைப் பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீரில் இறங்கி இறங்கி அதன் இரும்பு உள்ளிருந்து துருப்பிடிக்கும். சில்லின் பெயாரிங் நெடுஞ்சாலையில் சூடேறிக் கழன்று விடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2316 என்றால் அது 2016 ஆம் ஆண்டின் 23 ஆம் கிழமையில் செய்யப்பட்டது. பூ தேயாத டயரும் வயதானால் வெடிக்கும். படகு, மோட்டார், தண்ணீர், சாமான் அத்தனையும் சேர்ந்த நிறையைக் கணக்கிட்டு, கார் அதை இழுக்குமா என்று பார்க்க வேண்டும். மொத்தம் 750 கிலோவைத் தாண்டினால் ட்ரெயிலருக்குத் தனி பிரேக் கட்டாயம்.

அடுத்தது அந்த அடித்தகடு. அதைத் தூக்கும் கம்பி நைந்திருக்கிறதா, அது தொங்கும் ஊசி தேய்ந்திருக்கிறதா என்று படகின் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். ஓடும் போது அறுந்து விழுந்தால் படகின் அடியையே உடைத்து விடக் கூடும். தளத்தின் மேல் வெறுங்காலோடு நடந்தால் உள்ளே உக்கிய இடம் காலுக்கு மெத்தென்று தெரியும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் மீது பழந்துணியொன்றை ஓட விடுங்கள். துணி சிக்கும் இடத்தில் கம்பியிழை அறுந்திருக்கிறது. மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வரும் முன்பே அது சூடாக இருந்தால், குளிரில் அது ஸ்டார்ட் ஆகாது என்பதை மறைக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

கடைசியாகக் கடன். 2012 முதல் அவுஸ்திரேலியாவில் அசையும் சொத்துக்களுக்கான ஈட்டுப் பதிவேடு ஒன்று இருக்கிறது. சிறு கட்டணம் செலுத்தினால் படகின் மீது பழைய சொந்தக்காரரின் கடன் இருக்கிறதா என்று தெரிந்து விடும். இல்லாவிட்டால் அவர் பட்ட கடனுக்கு உங்கள் படகு போகும்.

பெண்கள் பார்க்க வேண்டியது

விலை பேசும் முன் வீட்டுப் பெண்ணும் பிள்ளைகளும் அந்தப் படகுக்குள் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருக்க வேண்டும். தலை இடிக்கிறதா? சிறு கழிப்பறைப் பெட்டி எங்கே வைப்பது? உடை மாற்ற மறைவு உண்டா? அடுப்பு எங்கே? எரிவாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் தேங்கி நிற்கும், ஒரு தீக்குச்சி போதும். குளிருக்காகக் கதவை மூடி அடுப்பை எரிய விட்டுத் தூங்குவதோ உயிருக்கே ஆபத்து. பாய்மரத்தை நிமிர்த்தும் முன் தலைக்கு மேலே மின்சாரக் கம்பி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அலுமினிய மரம் கம்பியில் பட்டு மாண்டவர்கள் உண்டு.

ஏரி அமைதியானது என்று நம்பி விடவும் கூடாது. ஆழம் குறைந்த நீரில் காற்று எழுந்தால் குட்டையான, செங்குத்தான அலைகள் எழும். வானிலை நிலையம் கிப்ஸ்லாந்து ஏரிகளுக்கென்றே தனி முன்னறிவிப்புத் தருகிறது; அதைப் பார்க்காமல் புறப்படக் கூடாது. முகத்துவாரத்துக்கு வெளியே போகும் ஆசையை முதல் வருடங்களில் அடியோடு விட்டு விட வேண்டும். அங்கே நீரோட்டம் மணல் மேட்டின் மேல் கடலலையோடு மோதும் இடம், பழகியவர்களையும் கவிழ்க்கும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி ஒன்றுண்டு. சுக்கானைப் பிடித்திருக்கும் கணவர் தவறித் தண்ணீரில் விழுந்து விட்டால் படகைத் திருப்பத் தெரிந்தவர் யார்? பல குடும்பங்களில் மனைவி தேநீர் ஊற்றவும் கயிறு பிடிக்கவும் மட்டுமே பழகியிருக்கிறாள். காற்று நிறைந்த பாயோடு படகு அவரை விட்டு விலகிக் கொண்டே போகும், பிள்ளைகள் அலறுவார்கள். அந்த நேரத்தில் பாயை இறக்கவும், மோட்டாரை இயக்கவும், அவரை நோக்கித் திரும்பவும் அவளுக்குத் தெரிந்திருந்தால்தான் அது குடும்பப் படகு. மோட்டார் பொருத்திய படகைச் செலுத்துவதற்கு விக்டோரியாவில் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதைக் கணவர் மட்டுமல்ல, மனைவியும் எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும்.

எனவே சகோதரிகளே, மகள் படகு வாங்கப் போவதாகச் சொன்னால் "வேண்டாம்" என்று சொல்லி அவள் வாயை அடைத்து விடாதீர்கள். "நீயும் ஓட்டப் பழகினாயா?" என்று கேளுங்கள். "ஆம்" என்று சொன்னால், அடுத்த முறை அங்கு போகும் போது உயிர்காப்பு அங்கியைக் கட்டிக் கொண்டு நீங்களும் ஏறி உட்காரலாம்.