பெரியக்காவின் நகங்கள்



பெரியக்காவின் உடல்நிலையை விசாரித்துப் பலரும் போன் செய்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். 32 வருடம் உயிரியல் நடத்திய எனக்கே இது புதிய பாடம்.

அக்காவுக்கு இரண்டு வருடமாகக் கால் வீக்கம், விடாத இருமல். வீக்கத்துக்குப் பார்த்த டாக்டர், யானைக்கால் நோயோ என்று ரத்தம் சோதித்தார், இல்லை. இருமலுக்குப் பார்த்தவர் சளியைச் சோதித்தார், காசநோய் இல்லை. நகங்களும் மஞ்சளாகித் தடித்திருந்தன. "மஞ்சள் பூசிக் குளிக்கிற கை வேற எப்படிடா இருக்கும்?" என்பார் அக்கா.

ஆவணியில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. எக்ஸ்ரேயில் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. அந்த நீரை எடுத்த டாக்டர் அக்காவின் விரல்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கடைசியா எப்பம்மா நகம் வெட்டினீங்க?"

அக்கா யோசித்துச் சொன்னார்: "பொங்கலுக்கு முன்னாடி."

அந்தப் பதிலில்தான் நோய் பிடிபட்டது. பெயர் 'எல்லோ நெயில் சிண்ட்ரோம்'. சம்மன், ஒயிட் என்ற இரு மருத்துவர்கள் 1964இல் விவரித்த மிக அபூர்வமான நோய். பெரும்பாலும் 50 வயதுக்கு மேல்தான் வரும்.

வகுப்பில் நிணநீர் நாளங்கள் படித்தது நினைவிருக்கிறதா? திசுக்களில் கசியும் நீரைத் திரும்ப ரத்தத்தில் சேர்க்கும் வாய்க்கால்கள். இந்த நோயில் அவை சரியாக வேலை செய்வதில்லை என்று கருதுகிறார்கள். அதனால்தான் கால் வீங்குகிறது, நுரையீரலைச் சுற்றி நீர் சேர்கிறது. சாதாரணமாகக் கைவிரல் நகம் மாதம் 3 மில்லிமீட்டர் வளரும். இதில் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். நகத்தடியின் வெள்ளைப் பிறையும் மறையும். மூன்று அறிகுறிகளும் ஒன்றாக வராமல் வருடக்கணக்கில் இடைவெளி விட்டும் வரலாம். எனவேதான் தனித்தனியாகப் பார்த்தால் பிடிபடுவதில்லை.

இதற்கென்று ஒரே மருந்து கிடையாது. அக்காவுக்கு வைட்டமின் ஈ மாத்திரை, காலுக்கு இறுக்கமான காலுறை, மூச்சுப் பயிற்சி. வேறு நோய் உள்ளே இருக்கிறதா என்றும் சோதித்தார்கள், இல்லை. நகம் இன்னும் மஞ்சள்தான். ஆனால் இப்போது நிம்மதியாகப் படுத்துத் தூங்குகிறார்.

மஞ்சள் நகத்தைப் பார்த்ததும் யாரும் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது பூஞ்சைத் தொற்றாகவோ நெயில் பாலிஷ் கறையாகவோ இருக்கும். ஆனால் கால் வீக்கமோ, தீராத இருமலோ கூடவே இருந்தால் எல்லாவற்றையும் ஒரே டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களை அழைத்துப்போகும்போது விரல்களில் மருதாணி, பாலிஷ் இல்லாமல் அழைத்துப்போங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்