ஆடிக் காற்றும் ஏத்தன் வாழையும்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு ஆடி மாதத்தில் பஸ் பிரயாணம் செய்திருக்கிறீர்களா? முப்பந்தலை நெருங்கும்போதே ஜன்னலோரத்துப் பெண்மணிகள் புடவைத் தலைப்பை இழுத்து இறுகச் செருகிக்கொள்வார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வந்துவிட்டது என்பதற்கு வேறு அடையாளம் வேண்டியதில்லை! அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, மலைகளுக்கு நடுவே இந்த ஓர் இடுக்கைக் கண்டுபிடித்து, கூட்டத்தை முட்டிக்கொண்டு வருகிறவனைப்போல் பாய்கிறது. 1980களிலிருந்து காற்றாலைகள் நட்டு, அதிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள்.

மின்சாரம் எடுப்பவருக்குக் காற்று வரப்பிரசாதம். கணவாய்க்கு மேற்கே, தோவாளையைத் தாண்டி நாஞ்சில் நாட்டில் வாழை வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள், கதை வேறு. ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய வரை நெல் விளைந்த பூமி இது. இன்று பல வயல்களில் வாழைதான். அதிலும் ஏத்தன். நீங்கள் நேந்திரன் என்பீர்கள்.

வாழையை மரம் என்கிறோமே தவிர, அதில் மரம் எங்கே இருக்கிறது? இலைகளின் அடிப்பட்டைகள் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான். பட்டையை உரித்து உரித்து உள்ளேயிருந்து தண்டு எடுத்துக் கறி சமைக்கும் சகோதரிகளுக்கு இதை நான் சொல்ல வேண்டுமா! வேரோ ஆழமாகப் போவதில்லை. இப்படிப்பட்ட உடம்பின் உச்சியில் பத்துப் பன்னிரண்டு கிலோ குலை தொங்கினால், காற்று சும்மா விடுமா?

தோவாளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இலைகளெல்லாம் நார் நாராகக் கிழிந்திருந்தன. "ஐயோ, இலையெல்லாம் வீணாகிவிட்டதே, அம்மா!" என்றேன். களை பறித்துக்கொண்டிருந்த மூதாட்டி சிரித்தாள்.

"இலை கிழியட்டு மக்களே. மரம் நின்னா போரும்."

அவள் சொன்னது சரி. இலை கிழிந்தால் காற்று அதன் வழியே போய்விடும். கிழியாத இலை பாய்மரம்போல் காற்றைப் பிடித்து வாழையையே சாய்த்துவிடும். விருந்துக்குத் தலைவாழை இலை வேண்டுமென்றால் மட்டும் காற்று படாத இடத்தில் வளர்க்க வேண்டும்.

"அப்படியானால் ஆடிக்கு முன்பே குலை வெட்டும்படி நடக் கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நடலாம். ஆனால் ஆவணியில் ஓணம் வருகிறதே! 1956 நவம்பர் 1 வரை இந்தப் பூமி திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்ததாயிற்றே! ஓணத்துக்கு ஏத்தங்காய் உப்பேரியும், சர்க்கரை வரட்டியும் இல்லாத வீடு மலையாளக் கரையில் ஏது? அந்தச் சமயத்தில்தான் நல்ல விலை. அதற்காக ஐப்பசி, கார்த்திகையில் கன்று நடுகிறார்கள். பலமான காற்று அடிக்கும் மாதமும், குலை முற்றும் மாதமும் ஒன்றாகிவிடுகின்றன. முற்றாத குலையோடு சாய்ந்தால் பத்து மாதப் பாடும் மண்ணோடு போயிற்று.

ஆகவே வாழைக்கு வாழை முட்டு. இரண்டு கம்புகளைக் கத்தரிக்கோல்போல் கட்டிக் குலையின் கழுத்துக்குக் கீழே கொடுக்கிறார்கள். அடியில் மண் அணைக்கிறார்கள். வரப்போரம் அகத்தி நட்டுக் காற்றை மறிப்பதும் உண்டு. அட்லாண்டிக் சமுத்திரத்தில் கனேரித் தீவுக்காரர்கள் வாழைத் தோட்டத்துக்குக் கல்மதிலே எழுப்பியிருக்கிறார்கள். நம்மவர்களுக்குக் கம்பு வாங்கும் செலவே மூச்சு முட்டுகிறது.

முட்டுக்கும் அடங்காத காற்று உண்டு. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் ஆடியுமில்லாத, ஓணமுமில்லாத நாளில் வந்தது. கடலில் மீனவர்கள் பலரைக் கொண்டுபோயிற்று. கரையில் ஆயிரக்கணக்கான ஏக்கர் வாழையை ஒரே நாளில் படுக்க வைத்தது.

நாகர்கோவில் போனால் வடசேரிச் சந்தைக்கும் போய் வாருங்கள். குழந்தைகளுக்குக் கொடுக்கும் மட்டிப் பழம் கிடைக்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஏத்தன் குலை வாங்குகிறவர்கள், காம்புக்குக் கீழே கம்பு உராய்ந்த தழும்பு தெரிகிறதா என்று பாருங்கள். அந்த மூதாட்டியின் தோட்டத்துக் குலையாகவும் இருக்கலாம்!